வாசகர் கேள்வி – பதில்: மரபணுத் திருத்தம் வயலுக்கு வருமா, மருத்துவமனைக்கு வருமா?

கேள்வி: மரபணு திருத்திய நெல் வந்துவிட்டதாகச் செய்தித்தாளில் படித்தேன். இதுவும் பி.டி. பருத்தியைப் போன்றதுதானா? பிசான நெல் பருவத்தில் பயிரிடலாமா? விதையை நாங்களே எடுத்து வைத்துக்கொள்ள முடியுமா?
– விவசாயி, சேரன்மகாதேவி

பதில்: 2025 மே மாதம் மத்திய அரசு இரண்டு ரகங்களை அறிவித்தது. ஒன்று, ஐதராபாத் இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'கமலா'. மற்றொன்று, டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1'. பி.டி. பருத்திக்குள் மண்வாழ் பாக்டீரியா ஒன்றின் மரபணு நிலையாக இருக்கிறது. கமலாவில் அப்படி எதுவும் இல்லை. நம் பக்கம் ஆந்திரா பொன்னி என்று விற்கப்படும் பி.பி.டி. 5204 நெல்லில் ஏற்கெனவே இருந்த ஒரு மரபணுவை, குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வெட்டும் கிரிஸ்பர் முறையால் முடக்கியிருக்கிறார்கள். சைட்டோகைனின் என்னும் வளர்ச்சி ஹார்மோனைச் சிதைக்கும் நொதியை உண்டாக்குவது அந்த மரபணுதான். அது முடங்கினால் கதிர் உருவாகும் பருவத்தில் ஹார்மோன் குறையாமல் நிற்கும். ஒரு கதிரில் பிடிக்கும் மணிகளின் எண்ணிக்கை கூடும்.

'அயல் மரபணுவே கிடையாது' என்று ஒரே வரியில் சொல்லிவிடுவதை மட்டும் நான் முழு விளக்கமாக ஏற்கமாட்டேன். வெட்டும் கருவியான காஸ்9 புரதத்துக்குரிய மரபணுவை ஆய்வகத்தில் முதலில் செடிக்குள் செலுத்துவதும், அடுத்த தலைமுறை நாற்றுகளைச் சோதித்து, கருவி இறங்காமல் திருத்தம் மட்டும் இறங்கியவற்றைப் பொறுக்கி எடுப்பதும்தான் வழக்கமான முறை. இவ்வாறு அயல் மரபணு நீக்கப்பட்ட பயிர்களுக்கு, பி.டி. பருத்திக்குரிய கடுமையான விதிகளிலிருந்து 2022 மார்ச்சில் மத்திய அரசு விலக்கு அளித்தது. அந்த விலக்கையே எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். சோதனை முடிவுகளை முழுமையாக வெளியிட வேண்டும் என்ற அவர்களது கோரிக்கை நியாயமானது.

இனி பிசானத்துக்கு வருவோம். கமலா சுமார் 130 நாளில், அதாவது தாய் ரகத்தைவிட ஏறக்குறைய 20 நாள் முன்னதாக அறுவடைக்கு வரும் என்கிறார்கள். பி.பி.டி. நடுபவருக்கு, அதிலும் தாமிரபரணிக் கால்வாய்களின் கடைமடையில் கடைசித் தண்ணீருக்காகக் காத்திருப்பவருக்கு, இந்த 20 நாள் பெரிய விஷயம். ஆனால் நீங்கள் அம்பை 16 ரக நெல் நடுபவராக இருந்தால் கணக்கு வேறு. அது 110 முதல் 115 நாளில் விளைந்துவிடும். இட்லி அரிசிக்கேற்ற குட்டை மோட்டா மணி. கமலாவோ சன்ன ரகம். நாளும் கூடுதல், வாங்கும் வியாபாரியும் வேறு. நம் மண்ணில் சோதனைத் திடல் போட்டு விளைச்சலைக் காட்டும்வரை பொறுத்திருங்கள். அந்தப் பெயரைச் சொல்லி யாரேனும் விதை விற்க வந்தால், சான்று அட்டையைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கமலா வீரிய ஒட்டு ரகம் அன்று. ஆகவே விளைந்த நெல்லையே விதையாக எடுத்து வைக்கலாம். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டமும், வணிக முத்திரையிட்டு விற்காதவரை, அந்த உரிமையை உழவருக்குத் தருகிறது. கிரிஸ்பர் கருவியின் முக்கியக் காப்புரிமைகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிடமும் நிறுவனங்களிடமும் இருப்பதுதான் எனக்கு உள்ள கவலை. உழவர் சங்கக் கூட்டத்தில் வேளாண் அதிகாரிகளிடம் முதலில் கேட்க வேண்டியது அதைப் பற்றித்தான்.

கேள்வி: என் அண்ணன் மகளுக்குத் தலசீமியா. மாதந்தோறும் பாளையங்கோட்டைக்கு அழைத்துச் சென்று ரத்தம் ஏற்றுகிறோம். மரபணுத் திருத்தத்தால் குணமாகுமா? அவளுக்குப் பிறக்கும் குழந்தைகளும் தப்பிக்குமா?
– வாசகி, வீரவநல்லூர்

பதில்: தலசீமியா, ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத பரம்பரை ரத்தநோய். அதற்கான 'காஸ்ஜெவி' என்ற மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் ஒப்புதல் அளித்தது, அமெரிக்காவும் தொடர்ந்தது. நோயாளியின் சொந்த ரத்த மூலசெல்களை எடுத்து, கருவில் இருந்தபோது சுரந்த ஹீமோகுளோபின் மீண்டும் சுரக்கும்படி திருத்தி, உடலுக்குள் திரும்பச் செலுத்துகிறார்கள். 12 வயது நிரம்பியவர்களுக்கே அந்த ஒப்புதல் தரப்பட்டது. சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு ரத்தம் ஏற்றும் தேவை நின்றுவிட்டது. எனினும் செல்களைத் திரும்பச் செலுத்துமுன் பழைய எலும்பு மஜ்ஜையை அழிக்கக் கடுமையான மருந்து கொடுக்கிறார்கள். அது பிள்ளைப்பேற்றைப் பாதிக்கக்கூடும். பெண் குழந்தை என்பதால் இதை மருத்துவரிடம் வெளிப்படையாகவே கேளுங்கள். விலை அமெரிக்காவில் 22 லட்சம் டாலர். நம் ரூபாயில் 18 கோடிக்கும் மேல். ஆகவே உடன்பிறந்தவரின் திசு பொருந்துகிறதா என்று இப்போதே பரிசோதித்துப் பாருங்கள். பொருந்தினால் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் பல்லாண்டுகளாக நடந்துவருகிறது. சிறு வயதில் செய்தால் பலனும் கூடுதல்.

திருத்தம் ரத்த செல்களோடு நின்றுவிடும், கருமுட்டைக்குப் போகாது. ஆகையால் அவள் குணமானாலும் அவளது குழந்தை ஒவ்வொன்றும் அந்த மரபணுவின் ஒரு பிரதியைப் பெறும். ஒரு பிரதியால் நோய் வராது. வரப்போகும் கணவரும் அதே மரபணுவைச் சுமப்பவரானால்தான் ஆபத்து. சொந்தத்துக்குள் சம்பந்தம் பேசுவது நம் பக்கம் வழக்கம் என்பதால், ஜாதகம் பார்க்குமுன், அந்த மரபணுவைச் சுமக்கிறாரா என்று காட்டும் ஹெச்.பி.ஏ.2 ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிடுங்கள். உங்கள் குடும்பத்தில் திருமண வயதில் இருக்கும் மற்றவர்களுக்கும் அதைச் செய்துவிடுவது நல்லது.

கேள்வி: அப்படியானால் கருவிலேயே திருத்திவிடலாமே?
– கல்லூரி மாணவர், அம்பாசமுத்திரம்

பதில்: 2018இல் சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய் அதைச் செய்தார், மறு ஆண்டில் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. தவறான இடத்தில் விழும் ஒரு வெட்டு, சம்மதம் கேட்க முடியாத பேரப்பிள்ளைகள்வரை இறங்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதலும் இதை அனுமதிப்பதில்லை.