காணொளியைத் தூக்க 75,000 ரூபா கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது. முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு கழகத்துக்குக் கரப்பந்தாட்டம் ஆடுகிறான். வெளி மாவட்டச் சுற்றுப்போட்டிகளுக்கும் காசு கொடுத்துக் கூப்பிடுவார்கள். அதுதான் அவனுக்குப் பிழைப்பு. ஒரு கலியாண வீட்டில் வெறியில் ஒரு பெரியவரைக் கெட்ட வார்த்தையால் ஏசியதை யாரோ போனில் எடுத்து முகநூல் பேஜ் ஒன்றில் போட்டு, "தூள் வியாபாரியின் ஆட்டம்" என்று, போதைத்தூள் விற்கிறவன் போலத் தலைப்பும் வைத்துவிட்டார்கள். ஊரெல்லாம் ஷெயார். 75,000 ரூபா தந்தால் தூக்குகிறோம் என்று வட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. கழகமும் தம்பியை நிறுத்திவிட்டது. என்ன செய்யலாம்? (ஓர் அக்கா, ஒட்டுசுட்டான்)

பதில்: காசைக் கொடுக்காதீர்கள். ஒரு பேஜில் தூக்கினாலும் இன்னும் பத்துப் பேஜில் அது கிடக்கும். கொடுக்கக்கூடிய வீடு என்று தெரிந்துவிட்டால் அடுத்த வாரம் புதுத் தலைப்போடு திரும்பவும் வரும். ஏற்கெனவே முற்பணம் ஏதும் அனுப்பியிருந்தால் அந்தச் சிட்டையையும் குறுஞ்செய்தியையும் பத்திரப்படுத்துங்கள். போனில் காசு அனுப்பும் ஈசி காஷ் இலக்கமோ வங்கிக் கணக்கோ யாரோ ஒருவரின் அடையாள அட்டையோடுதான் போய் முடியும்.

இப்போதே செய்யவேண்டியது ஒன்று உண்டு. அந்த வட்ஸ்அப் உரையாடலில் மறையும் செய்தி வசதி போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 24 மணித்தியாலம், 7 நாள், 90 நாள் என்று மூன்று கணக்கு அதில் இருக்கும். போட்டிருந்தால் நிறுத்திவிட்டு, வந்த செய்திகளை இன்னொரு போனால் காணொளியாக எடுத்து வையுங்கள். முகநூல் பதிவுக்கு ஸ்கிரீன்ஷொட் மட்டும் போதாது. பதிவின் லிங்கையும் பேஜின் லிங்கையும் நகல் எடுத்து, பார்த்த திகதி, நேரத்தோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். பேஜின் 'வெளிப்படைத்தன்மை' பகுதியில் அது எப்போது தொடங்கியது, முன்பு என்ன பெயரில் இருந்தது, நடத்துபவர்கள் எந்த நாட்டில் என்பது இருக்கும். நேற்றுவரை சினிமாப் பேஜாக இருந்தது இன்று ஊர்ச் செய்திப் பேஜ் ஆகியிருப்பதை அங்கே காணலாம்.

பொலிசுக்குப் போகும்போது "மானம் போச்சு" என்று தொடங்காதீர்கள். குற்றவியல் அவதூறு என்ற குற்றம் 2002 இலேயே சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. "கோர்ட்டுக்குப் போங்கோ" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். "காசு தந்தால்தான் காணொளியைத் தூக்குவோம் என்று மிரட்டிக் காசு கேட்கிறார்கள்" என்று சொல்லுங்கள். அது தண்டனைச் சட்டக்கோவையில் கப்பம். பொலிஸ் எடுக்கத்தான் வேண்டும். முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். வடக்கில் தமிழ்தான் நிர்வாக மொழி. அரசியலமைப்பில் எழுதி எத்தனையோ வருடமாகியும், பொலிஸ் நிலையங்களில் சிங்களத்தில் எழுதி "கையொப்பம் வையுங்கோ" என்பது நிற்கவில்லை. வாசிக்க முடியாததில் கையொப்பம் வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.

அடுத்து, இடையில் நுழைகிறவர்கள். "சைபர் எக்ஸ்பேர்ட்" என்று ஒருவர் வருவார், தம்பியின் கடவுச்சொல்லும் ஓடிபியும் கேட்பார். கொடுத்தால் தம்பியின் கணக்கும் போகும். இன்னொருவர் 2024 ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைக் காட்டி, "நாளைக்கே உள்ளே போடலாம், செலவுக்கு 20,000" என்பார். அந்தச் சட்டம் பெரும்பாலும் பொய்க் கூற்றுகளைப் பற்றியது. தம்பி ஏசியது பொய்யில்லை, தலைப்புத்தான் பொய். நீதிமன்ற வாசலில் நின்று ஆள் பிடிக்கும் தரகர் யாருக்கும் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம். வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, அங்கே நேரே போங்கள்.

முகநூலுக்கு முறையிடலாம். ஆனால் "வெட்கக்கேடு" என்ற காரணம் அங்கே எடுபடாது. துன்புறுத்தல் என்ற பிரிவில், பொய்த் தலைப்பைச் சுட்டி முறையிடுங்கள். இதற்கு மேல் ஒரு வழி உண்டு. அதைப் பலரும் பிழையாகச் செய்வதால் விரிவாகவே சொல்கிறேன். காணொளியின் பதிப்புரிமை அதில் தெரிகிற ஆளுக்கு இல்லை, எடுத்தவருக்குத்தான். எடுத்தவர் யாரென்று தெரிந்து, அவர் மனம் வைத்தால், பதிப்புரிமை முறைப்பாட்டுப் படிவத்தை அவரே நிரப்பலாம்: தன் பெயர், மின்னஞ்சல், தானே எடுத்தது என்ற உறுதி, எங்கெங்கே கிடக்கிறதோ அந்த லிங்க் ஒவ்வொன்றும். இது மற்ற முறைப்பாடுகளைவிட வேகமாக வேலை செய்யும். ஆனால் அவர் பெயர் பேஜ்காரருக்குப் போகும். பேஜ்காரர் அந்த முறைப்பாட்டை மறுத்து எதிர் அறிவித்தல் கொடுத்தால், முறைப்பாட்டாளர் வழக்குப் போட்டதைக் காட்டாதவரை, 10 முதல் 14 வேலை நாளில் காணொளி திரும்ப ஏறும். எடுத்தவரே முதலில் நண்பர் குழுவில் அனுப்பியவராக இருந்தால் பெரும்பாலும் பின்வாங்குவார், வற்புறுத்தாதீர்கள். தம்பியோ தரகரோ "நான்தான் எடுத்தேன்" என்று பொய்ப் படிவம் போட்டால், அந்தப் பொய்யே அடுத்த பதிவுக்குத் தலைப்பாகும்.

தலைப்புக்காக மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்கலாம். 2 வருடத்துக்குள் போடவேண்டும். பேஜை நடத்துகிறவர் வெளிநாட்டில் என்றால் செலவை யோசித்துச் செய்யுங்கள்.

மன்னிப்பு வீடியோ வேண்டாம். வெட்டி ஒட்டி அதிலிருந்தே நாலு புதுத் துண்டு செய்வார்கள். முதலில் அந்தப் பெரியவரின் வீட்டுக்கு, ஊரில் மதிப்புள்ள ஒருவரோடு போன் இல்லாமல் போய் மன்னிப்புக் கேட்கட்டும். பிறகு நாலு வரி எழுத்தில் போடலாம்: நடந்தது பிழை, நேரில் மன்னிப்புக் கேட்டேன், அவ்வளவு. தூள் கதையை அதில் தொடவே கூடாது. கீழே நண்பர்கள் சண்டை பிடித்தால் பதிவு இன்னும் மேலே ஏறும். கனடாவிலிருந்து தீர்ப்பு எழுதுகிறவருக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. தம்பி சில மாதம் லைவ் போடாமல் இருந்தால் நல்லது. அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட வீரர் ஜா மொரான்ட் 2023 மார்ச்சில் துப்பாக்கியோடு லைவில் தெரிந்ததற்கு 8 ஆட்டத் தடையோடு தப்பினார். மே மாதம் இரண்டாவது காணொளி வந்தது. தடை 25 ஆட்டம் ஆனது.

தம்பியின் பிழைப்பு தங்கியிருப்பது கழகத்தின் முடிவில். 2021 இல் இங்கிலாந்தின் டர்ஹாமில் கொவிட் கட்டுப்பாட்டை மீறி வெளியே போன இலங்கைக் கிரிக்கெட் வீரர்கள் குசல் மெண்டிஸ், நிரோஷன் டிக்வெல்ல, தனுஷ்க குணதிலக்க ஒரு காணொளியால்தான் மாட்டினார்கள். சனம் கொதித்தது. ஆனால் ஓராண்டு சர்வதேசத் தடையும் 1 கோடி ரூபா அபராதமும் விசாரணைக்குப் பிறகு வந்தவை. 2022 ஜனவரியிலேயே தடையை எடுத்தார்கள். உங்கள் கழகம் என்ன செய்தது? வைபர் குழுவில் ஒரு வரி போட்டு நிறுத்தியிருந்தால், செயலாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு பக்கக் கடிதம் போடுங்கள். யாப்பின் எந்த விதியின் கீழ், எந்தக் கூட்டத்தில், எவ்வளவு காலத்துக்கு நிறுத்தினீர்கள், என் விளக்கத்தை எப்போது கேட்பீர்கள் என்று கேளுங்கள். பிரதி ஒன்று பிரதேச செயலக விளையாட்டு உத்தியோகத்தருக்கு. அவர் பதில் எழுதுவார் என்று காத்திருக்கவேண்டாம், ஆனால் பிரதி போனது தெரிந்தாலே கழகம் கூட்டம் கூட்டும்.

கோபத்தில் விலகல் கடிதம் கொடுக்கவேண்டாம். கொடுத்தால் விசாரணை இல்லாமலே கதை முடிந்தது. முடிவு வரும்வரை வேறு கழகத்துக்கு இன்னொருவர் பெயரில் களமிறங்கவும் வேண்டாம். அழைக்க ஆள் வரும், இரவுச் சுற்றுப்போட்டி, யாருக்குத் தெரியும் என்பார்கள். அங்கேயும் நூறு போன் இருக்கும். கலியாண வீட்டுக் கதை அன்றோடு ஆள்மாறாட்டக் கதையாகிவிடும், அதற்கு மன்னிப்புக் கடிதம் எடுபடாது.