தலையாட்டினால் சம்மதமா?

கேள்வி: அடுத்த மாதம் எங்கள் காப்பித் தோட்டத்துக்கு ஜப்பானிலிருந்து இருவர் வருகிறார்கள், காப்பியைச் சுவைத்துப் பார்த்து விலை பேசுவார்கள். மாலை, சந்தனம், நாதஸ்வரம் என்று வரவேற்கலாமா? போன முறை வந்தவர் எல்லாவற்றுக்கும் ‘ஹாய், ஹாய்’ என்று தலையாட்டினார். ஆர்டர் மட்டும் வரவில்லை.
– வாசகர், ஏற்காடு

பதில்: நாதஸ்வரம் தாராளமாக வையுங்கள்; வாசலில் வேண்டாம், சாயங்காலம் வையுங்கள். சுவை பார்க்க வருகிறவருக்கு மூக்குதான் கருவி. மல்லிகை, சந்தனம், பன்னீர், ஊதுபத்தி எது கலந்தாலும் காப்பியின் மணம் பிடிபடாது. ஆகவே காலையில் சுவைப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். கோப்பைக்கு 150 மில்லி தண்ணீர், 8.25 கிராம் தூள், சூடு 93 டிகிரி. ஏற்காட்டின் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சேலத்தில் செய்வதுபோல ஆறவிட்டால் சூடு போதாது. நாலு நிமிடம் கழித்து மேலே கட்டிய தூளைக் கரண்டியால் விலக்கி, சர்ரென்று உறிஞ்சுவார்கள். அதைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாது.

மேளத்தை முற்றத்தில் வையுங்கள், நாற்காலிகள் முப்பதடி தள்ளி இருக்கட்டும். கோயில் வீதிக்கென்று பிறந்த வாத்தியம் அது. தாழ்ந்த கூரைக்குள் காதைக் கிழிக்கும். பனி இறங்குமுன், நாலு மணிக்கே ஆரம்பியுங்கள். ஈரத்தில் தவில் தோல் தளரும். குளிரில் நாதஸ்வரத்தின் சுருதி இறங்கும், மின் சுருதிப்பெட்டி இறங்காது. பத்து நிமிடம் ஊதிச் சூடேற்றிவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். முதலில் மோகனம். அதன் ஐந்து சுரங்கள் ஜப்பானியப் பாட்டுகள் பலவற்றிலும் உண்டு, மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது. நடுவில் அவர்கள் கைதட்டாமல் இருந்தால் பிடிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். முடியும்வரை அசையாமல் கேட்பதும் அவர்கள் பக்கத்து மரியாதைதான்.

இனி அந்தத் தலையாட்டல். ஜப்பானிய மொழியில் ‘ஹாய்’ என்றால் ‘ஆமாம்’. ஆனால் பேச்சின் நடுவே வரும் ‘ஹாய்’ பெரும்பாலும் ‘சொல்லுங்கள், கேட்கிறேன்’ என்பதுதான். ‘சரி, வாங்கிக்கொள்கிறேன்’ அல்ல. நாமும் சும்மாவா? ராகத்துக்கு ஆட்டுகிற அதே தலையை விலை கேட்கும்போதும் ஆட்டுகிறோம். போன முறை இரண்டு பக்கமும் தலையாட்டியிருக்கிறீர்கள், ஒருவரும் சம்மதிக்கவில்லை!

இந்த முறை 60 கிலோ மூட்டை எத்தனை, கிலோ என்ன விலை, எப்போது அனுப்புவீர்கள் என்று ஒரே தாளில் எண்களாக எழுதிக் கொடுங்கள். ‘சம்மதமா?’ என்று அங்கேயே நெருக்காதீர்கள். ஊருக்குப் போய் அலுவலகத்தில் கலந்துபேசித்தான் முடிவெடுப்பார்கள். ‘எந்தத் தேதிக்குள் எழுதுவீர்கள்?’ என்று கேட்டு, அந்தத் தேதியையும் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள். மாலையை வண்டி ஏறும்போது போடலாம்.