நிக்கோடிமஸ்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐந்து வருடமாகக் கான்சாஸ் சிட்டியில் இருக்கிறேன். போன அக்டோபரில் குடும்பத்தோடு டென்வருக்குக் காரில் போய்வந்தோம். போகும்போது ஐ-70 நெடுஞ்சாலை அலுத்துவிட்டதால், திரும்பும்போது 24ஆம் எண் சாலையைப் பிடித்தோம். வழியில் நிக்கோடிமஸ் என்று ஒரு ஊர். ‘தேசிய வரலாற்றுத் தலம்’ என்று பலகை இருந்ததால் இறங்கினோம். நாலைந்து பழைய கட்டடங்கள், சில வீடுகள், சுற்றிலும் வயல். கால்மணி நேரம் நின்றும் ஒரு ஆளைக்கூடப் பார்க்கவில்லை. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் அமைத்த ஊர் என்று அங்கே படித்தோம். ‘இவ்வளவு பெரிய நாட்டில் இந்த வறண்ட இடத்துக்கு ஏன் வந்தார்கள்?’ என்று என் மகள் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் ஒரு கேள்வி உண்டு. நிலைக்காமல் போன ஊரை வரலாற்றுத் தலமாக வைத்திருப்பதில் என்ன பயன்?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

மகளின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது நல்ல கேள்வி, பாதி பதில் ஊர் தொடங்கிய 1877 என்ற வருடத்திலேயே இருக்கிறது.

அங்கே குடியேறியவர்களில் பெரும்பாலோர் கென்டக்கி மாநிலத்தவர், லெக்சிங்டனைச் சுற்றியுள்ள பகுதிகளைச் சேர்ந்தவர்கள். உள்நாட்டுப் போரில் கென்டக்கி வடக்கை விட்டுப் பிரியாத மாநிலம். பிரிந்துபோன பகுதிகளுக்கு மட்டுமானது லிங்கனின் 1863 விடுதலைப் பிரகடனம்; அதனால் அது இந்த மாநிலத்துக்குப் பொருந்தவில்லை. 1865 டிசம்பரில் அரசியல் சட்டத்தின் 13ஆம் திருத்தம் வந்த பிறகுதான் அங்கே அடிமைமுறை சட்டப்படி முடிந்தது. அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருடம் அவர்கள் உழுதது அடுத்தவர் நிலத்தை. 1877இல் தெற்கு மாநிலங்களில் மிஞ்சியிருந்த மத்தியப் படைகளும் விலக்கிக்கொள்ளப்பட்டன. தெற்கிலிருந்த கறுப்பின மக்கள் யாரை நம்பி இருப்பது என்று கலங்கிய காலம் அது.

இன்னொரு பக்கம் 1862ஆம் வருடத்து ஹோம்ஸ்டெட் சட்டம் இருந்தது. சிறு கட்டணம் கட்டி 160 ஏக்கரைப் பதிந்துகொண்டு, ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து உழுதால் நிலம் சொந்தமாகிவிடும். நேற்றுவரை தானே ஒருவரின் சொத்தாக இருந்த மனிதருக்கு, தன் பெயரில் 160 ஏக்கர் பட்டா. இதைக் கேட்டபின் எந்த வறட்சி அவர்களைத் தடுத்திருக்கும்? கிழக்குக் கான்சாஸில் நல்ல நிலமெல்லாம் அதற்குள் போய்விட்டது. மிச்சம் இருந்தது மேற்கு. ஆகவே உங்கள் மகளிடம் இப்படிச் சொல்லலாம்: அவர்கள் அந்த இடத்தைப் பொறுக்கி எடுக்கவில்லை, மிஞ்சியிருந்ததை எடுத்துக்கொண்டார்கள்.

நீங்கள் நின்ற இடத்துக்குச் சற்று மேற்கே, அதே கிரஹாம் கவுண்டிக்குள், நூறாவது தீர்க்கரேகை போகிறது. அமெரிக்க விவசாயத்தில் அது பெயர்பெற்ற கோடு. வருடத்துக்கு இருபது அங்குல மழைகூட இல்லாத இடத்தில் பாசனமின்றி விவசாயத்தை நம்ப முடியாது என்றும், அந்த எல்லை ஏறத்தாழ இந்தக் கோட்டை ஒட்டியே போகிறது என்றும் மேற்குப் பகுதி நிலங்களை ஆய்ந்த ஜான் வெஸ்லி பவல் தன் அறிக்கையில் எழுதினார். அறிக்கை வந்தது 1878இல். அதற்கு முந்தைய வருடமே நிக்கோடிமஸ்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். அப்போது நில வணிகர்களும் ரயில் கம்பெனிகளும் சொல்லிக்கொண்டிருந்தது வேறு: மண்ணை உழுதால் மழை பின்னாலேயே வரும் என்று. அங்கே இன்றும் மானாவாரிதான் பெரும்பங்கு. குளிர்காலக் கோதுமை, அப்புறம் மைலோ என்று அவர்கள் சொல்லும் சோளம். அக்டோபரில் நீங்கள் போனீர்கள் என்றால், செம்பழுப்பாகக் கதிர் முற்றி நின்றது அந்தச் சோளமாக இருக்கும்.

ஊரைத் தொடங்கியது ஒரு கம்பெனி. 1877 ஏப்ரலில் டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளையின நில வணிகரும், டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பினப் பாதிரியாரும், வேறு சிலரும் சேர்ந்து அமைத்தார்கள். பக்கத்தில் உள்ள ஹில் சிட்டி அந்த ஹில்லின் பெயரில்தான் இருக்கிறது. ஹில் கென்டக்கிக்குப் போய்த் தேவாலயங்களில் பேசி ஆள் திரட்டினார். செழிப்பான பூமி என்று சொல்லித்தான் கூட்டிவந்தார். ஊர்ப்பெயரைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு. தமிழ் பைபிளில் நிக்கொதேமு என்று வருகிறாரே, இரவில் இயேசுவைத் தேடிப்போய் ஒருவன் மறுபடி பிறப்பது எப்படி என்று கேட்டவர், அவர் பெயர் என்பார்கள் சிலர். அக்காலத்துப் பாட்டு ஒன்றில் வரும் அடிமையின் பெயர் என்பார்கள் மற்றவர்கள். எனக்கு முதலாவது பிடித்திருக்கிறது.

1877 செப்டம்பரில் முந்நூறு பேருக்கு மேல் வந்தார்கள். ரயில் எல்லிஸ் வரைதான். டென்வர் போகும்போது ஐ-70இல் அந்த ஊரைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். அங்கிருந்து வடக்கே முப்பத்தைந்து மைல் போல வண்டியிலும் நடையிலும். அடுத்த வசந்தத்தில் வந்த ஒரு கூட்டத்தில் வில்லியானா ஹிக்மன் என்ற பெண்மணி இருந்தார். வழியில் எல்லிஸில் தட்டம்மை கண்டு, கூட்டத்தில் சில குழந்தைகள் இறந்துபோனார்கள். பிறகு புல்வெளியில் இரண்டு நாள் பயணம். முன்னால் போனவர்கள் ‘அதோ நிக்கோடிமஸ்’ என்று கூவியபோது அவர் ஆவலோடு எட்டிப்பார்த்திருக்கிறார். ஊர் எதுவும் தெரியவில்லை. ‘எங்கே?’ என்று கணவரைக் கேட்க, தரையிலிருந்து அங்கங்கே கிளம்பிய புகையை அவர் காட்டினார். மரமே இல்லாத நாட்டில் மண்ணைக் குடைந்து, உள்ளே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அழத் தொடங்கிவிட்டேன் என்று பின்னாளில் அவரே சொல்லி வைத்திருக்கிறார். ஆனால் அவர் திரும்பிப் போகவில்லை. முதல் கூட்டத்தில் பலர் போய்விட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த முதல் குளிர்காலம் பற்றி ஊர்க்காரர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் ஒரு செய்தி உண்டு. வேட்டை முடிந்து அந்த வழியாகத் திரும்பிய ஓசேஜ் என்ற பழங்குடி இனத்தார் தங்கள் உணவில் பங்கு கொடுத்தார்கள், அதனால்தான் பிழைத்தோம் என்பார்கள். ஓசேஜ் மக்கள் கான்சாஸிலிருந்த தங்கள் நிலத்தை இழந்து தெற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்கு, அனுப்பப்பட்டுச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. ஹோம்ஸ்டெட் சட்டம் பங்குபோட்ட நிலமெல்லாம் பழங்குடிகளிடமிருந்து பெறப்பட்டதுதானே. அப்படி நிலம் பறிபோனவர்கள், நிலம் தேடி வந்தவர்களுக்குச் சோறு போட்டிருக்கிறார்கள். இந்த ஊரைப் பற்றி ஒரே ஒரு செய்தி சொல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஏர் இல்லை, மாடு குதிரை மிகக் குறைவு. முதல் நிலத்தைப் பலரும் மண்வெட்டியால் கொத்தினார்கள். எரிக்கக் காய்ந்த சாணமும் சூரியகாந்தித் தண்டும். ஆண்கள் அறுவடைக் கூலிக்கும் ரயில் பாதை வேலைக்கும் வெகுதூரம் நடந்து போனார்கள். சக்கரி பிளெட்சர் தபால் நிலையத்தையும் விடுதியையும் நடத்தினார். அவர் மனைவி ஜென்னி பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1880களின் நடுவில் கற்கட்டடங்கள், கடைகள், வங்கி, தேவாலயங்கள், போதாததற்கு இரண்டு செய்தித்தாள்கள். 1878இல் அங்கே வந்து சேர்ந்த எட்வர்ட் மெக்கேப், 1882இல் கான்சாஸ் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்வானார். மாநிலம் முழுவதும் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவி அது, அங்கே அப்படி ஒன்றுக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர். மண்வெட்டியால் கொத்தத் தொடங்கி ஐந்தே வருடம்!

சரி, பிறகு என்ன ஆயிற்று? ரயில்.

1887இல் பாதை தங்கள் ஊர் வழியாக வரவேண்டும் என்று மிசௌரி பசிபிக் கம்பெனிக்கு 16,000 டாலர் கடன்பத்திரம் தர ஊர் மக்கள் ஓட்டுப்போட்டுச் சம்மதித்தார்கள். அந்தக் கம்பெனி வரவில்லை. 1888இல் யூனியன் பசிபிக் பாதை போட்டது, சாலமன் ஆற்றுக்குத் தென்கரையில், ஊரைத் தொடாமல். அங்கே முளைத்த நிலையம்தான் போக். கடைக்காரர்கள் சிலர் கட்டடத்தையே பெயர்த்து ஆற்றுக்கு அப்பால் கொண்டுபோனார்கள்.

ஒரு தண்டவாளத்தால் இவ்வளவா என்று தோன்றலாம். கோதுமை விளைவிப்பவருக்கு விலை என்பது நிலையத்துக்கு எவ்வளவு தூரம் என்பதில் இருக்கிறது. மூட்டையைக் குதிரைவண்டியில் ஏற்றிப் போகும் ஒவ்வொரு மைலும் அவர் லாபத்தில் கழியும். தானியக் கிடங்கு ரயிலடியில் நிற்கும். தானியம் விற்ற இடத்திலேயே உப்பும் துணியும் வாங்கிவிடுவார்கள், ஆக கடையும் அங்கே போகும், வங்கியும் பின்னால் போகும். அந்தப் பக்கத்து ஊர்கள் பலவற்றின் தலைவிதி இப்படித்தான் எழுதப்பட்டது, வெள்ளையின ஊர்களும் சேர்த்து.

1930களின் புழுதிப் புயல்களும் பொருளாதாரச் சரிவும் மீதியைக் கரைத்தன. 1953இல் தபால் நிலையத்தையும் மூடிவிட்டார்கள். இதற்கும் பெரிய ஒரு சரிவு நாடு முழுக்க நடந்தது. 1920இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 9,25,000 கறுப்பின விவசாயிகள் இருந்தார்கள். 2017 கணக்கெடுப்பில் ஐம்பதாயிரத்துக்கும் கீழே. கடன் தருவதில் விவசாயத் துறை பாகுபாடு காட்டியது என்று கறுப்பின விவசாயிகள் தொடர்ந்த வழக்கு 1999இல்தான் சமரசத்துக்கு வந்தது.

இதையெல்லாம் தாண்டி நிக்கோடிமஸ் இருக்கிறது. போருக்குப் பிந்தைய அந்தக் காலத்தில், மிசிசிப்பிக்கு மேற்கே கறுப்பின மக்கள் அமைத்த ஊர்களில் இன்றும் ஊராக நிற்பது அதுதான். அதனால் ‘நிலைக்காமல் போன’ என்ற உங்கள் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. நீங்கள் பார்த்த கட்டடங்களில் பள்ளி 1918இல் எழுந்தது, மண்டபம் 1939இல். ரயில் கைவிட்டு ஐம்பது வருடம் கழித்து மண்டபம் கட்டிய ஊர் அது. 1996இல் கிடைத்த தேசிய வரலாற்றுத் தலம் என்ற தகுதிக்கும் ஊரின் வழித்தோன்றல்களே முன்னின்று பாடுபட்டார்கள்.

நீங்கள் போனது தவறான மாதம். ஜூலைக் கடைசி வாரக் கடைசியில் போயிருந்தால் கார் நிறுத்த இடம் தேடியிருப்பீர்கள். டென்வர், கலிஃபோர்னியா என்று எங்கெங்கோ இருக்கும் பேரன் பேத்திகள் எல்லாம் அன்றைக்கு வந்துவிடுவார்கள். ஊர்வலம், விருந்து, ஞாயிறு வழிபாடு. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் 1834 ஆகஸ்ட் முதல் தேதி அடிமைமுறை ஒழிந்ததைக் கொண்டாட 1878இல் தொடங்கிய விழா அது. டென்வரில் வீடு இருந்தாலும் சொந்த ஊர் எது என்று கேட்டால் நிக்கோடிமஸ் என்று சொல்பவர்கள் அவர்கள்.

அடுத்த ஜூலையில் மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். இந்தமுறை எல்லிஸில் இறங்கி, அங்கிருந்து வடக்கே போகும் சாலையைப் பிடியுங்கள். மெதுவாக ஓட்டுங்கள். சாலமன் ஆற்றைத் தாண்டியதும் காரை ஓரமாக நிறுத்தி, வில்லியானா ஹிக்மன் எட்டிப்பார்த்த கதையை அவளுக்கு அங்கே வைத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்.