மழை நாளுக்கு ஏன் காசு?

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் ஆங்கிலப் பாடத்தில் 'சேவ் ஃபார் எ ரெய்னி டே' என்று வருகிறது. மழை பெய்தால் நமக்குச் சந்தோஷம்தானே, அதற்கு எதற்குச் சேமிக்க வேண்டும் என்கிறாள். காசைப் பற்றி வேறு என்னவெல்லாம் இப்படிச் சொல்வார்கள்?
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: நியாயமான கேள்விதான். கண்மாய் பெருகாதா என்று வானத்தைப் பார்க்கிற மாவட்டம் நம்முடையது. இங்கிலாந்துக்காரருக்கோ மழை நாள் என்றால் கஷ்ட காலம். உங்கள் வீட்டுக் கணக்கில் அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தால் விசைப்படகு கரையில் நிற்கும் 61 நாள். மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நீங்கள் கட்டும் 1,500 ரூபாயோடு மத்திய அரசும் மாநில அரசும் ஆளுக்கு 1,500 போட்டு 4,500 ஆகத் தருகின்றன அல்லவா? அதைக் காட்டுங்கள், பாடம் புரிந்துவிடும்.

அடுத்தது, 'ராபிங் பீட்டர் டு பே பால்'. பீட்டரும் பாலும் வேறு யாருமில்லை, கிறிஸ்தவப் புனிதர்களான நம் ராயப்பரும் சின்னப்பரும்தான். ராயப்பரிடம் பிடுங்கிச் சின்னப்பர் கடனை அடைப்பது. லண்டனில் ராயப்பர் பெயரிலிருந்த வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துச் சொத்தை எடுத்துச் சின்னப்பர் கோயிலைப் பழுது பார்த்ததால் வந்தது என்று ஒரு கதை உண்டு. அது 16ஆம் நூற்றாண்டுச் சங்கதி. சொல்லோ 14ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது! கதை எதற்கு? பாம்பனில் வங்கி நகைக்கடன் மேசையில் இருந்தபோது தடைக்காலம் முடியும் சமயத்தில் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வியாபாரியிடம் முன்பணம் வாங்கி நகையைத் திருப்புவார்கள். டீசலுக்கும் ஐஸுக்கும் அதே வளையல் மறுபடி மேசைக்கு வரும். இதைச் சேமிப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் கடல் தொழிலில் இதைத் தப்பென்று சொல்ல எனக்கு மனசு வராது.

'பென்னி வைஸ், பவுண்ட் ஃபூலிஷ்' அப்படியல்ல, அது தப்பேதான். 1971 வரை ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. பென்னியை இறுக்கிப் பிடித்துப் பவுண்டைக் கோட்டை விடுவது. தடைக்காலத்தில் இன்ஜின் மராமத்தைத் தள்ளிப் போட்டுவிட்டு, நடுக்கடலில் நின்றபின் இன்னொரு படகைக் கூப்பிட்டுக் கட்டி இழுத்து வருவதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்காரருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அப்புறம், 'ஸ்பெண்ட் எ பென்னி' என்பதை மட்டும் மகள் சிக்கனக் கட்டுரையில் எழுதிவிட வேண்டாம். அங்கே பொதுக் கழிப்பறைக் கதவு ஒரு பென்னி போட்டால்தான் திறக்கும் என்றிருந்த காலத்தில் வந்த பேச்சு அது.