புள்ளி எந்த எழுத்தின் தலையில்? தெங்வார் உயிர்க்குறிகள்: கேள்வி பதில்

ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் தன் கதையுலகின் எல்ஃப்களுக்காக உருவாக்கிய தெங்வார் எழுத்தில் பெயரோ, பிடித்த வரியோ எழுதிப் பார்ப்பவர்களின் கேள்விகள் இவை. மெய்யெழுத்துகளில் யாருக்கும் பெரிய சந்தேகம் இல்லை. எல்லோரும் உயிரில்தான் இடறியிருக்கிறார்கள்.

அக்கா, 36 எழுத்து அட்டவணையைத் துருவித் துருவிப் பார்த்துவிட்டேன். அ, இ, உ எங்கே?

பெரும்பாலான முறைகளில் உயிருக்குத் தனியெழுத்து இல்லை. மெய்யெழுத்தின் தலைக்கு மேல் குறி போட வேண்டும். குறிக்கு எல்ஃப் மொழியில் தெஹ்தா என்று பெயர். மூன்று புள்ளி 'அ', ஒற்றைப் புள்ளி 'இ', சாய்ந்த சிறு கோடு 'எ', சுழி 'ஒ' அல்லது 'உ'. கொம்பும் காலும் போட்டுப் பழகிய நமக்கு இது சுலபம் என்று தோன்றும். பாதிதான் சுலபம்.

ஒரே சொல்லை இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள். ஒருவர் குறியை முன்னெழுத்தின் மேல் வைக்கிறார், மற்றவர் அடுத்த எழுத்தின் மேல் வைக்கிறார். யார் சரி?

எந்த மொழிச் சொல் என்று முதலில் சொல்லுங்கள். மொழி தெரியாமல் இதற்குப் பதிலே கிடையாது. 1955இல் வந்த 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூன்றாம் பாகத்தின் பின்னிணைப்பில் டோல்கீனே காரணத்தோடு விளக்கியிருக்கிறார். க்வென்யா, சிந்தரின் இரண்டும் அவர் எல்ஃப்களுக்காகப் படைத்த மொழிகள். க்வென்யா மொழியில் பெரும்பாலான சொற்கள் உயிரில் முடியும். அதனால் உயிர்க்குறி தனக்கு முன்னால் ஒலிக்கும் மெய்யின் மேல் உட்காரும். சிந்தரின் மொழியில் பெரும்பாலான சொற்கள் மெய்யில் முடியும். அங்கே குறி தனக்குப் பின்னால் வரும் மெய்யின் மேல் ஏறும்.

க்வென்யா முறை நம் உயிர்மெய் போலத்தான்: மெய்யைப் படி, மேலே உள்ள உயிரைச் சேர். சிந்தரின் முறையில் மேலே உள்ள உயிரை முதலில் படித்துவிட்டு, பிறகு கீழே உள்ள மெய்யைப் படிக்க வேண்டும். தமிழ்க் கண்ணுக்கு இது லேசில் பழகாது.

நான் பட்டது ஒன்று. தோழி ஒருத்தியின் மோதிரத்துக்கு 'மெல்லொன்' என்று எழுதிக் கொடுத்தேன். சிந்தரினில் நண்பன் என்று பொருள். உயிர்மெய்ப் பழக்கத்தில் 'எ'வை ம-வின் மேலும் 'ஒ'வை ல-வின் மேலும் வைத்துவிட்டேன். சிந்தரின் முறையில் படித்தால் அது 'எமொல்ல்ன்'. வெட்டிய பிறகுதான் தெரிந்தது. அவள் இன்னும் அதைப் போட்டுக்கொண்டிருக்கிறாள், நான்தான் அந்தக் கையைப் பார்ப்பதில்லை.

முன்னாலும் மெய் இல்லை, பின்னாலும் மெய் இல்லை என்றால் குறியை எதன் மேல் வைப்பது?

அதற்குத்தான் தாங்கி இருக்கிறது. புள்ளியில்லாத ஆங்கில 'ஐ' போல ஒரு குட்டைத் தண்டு. தனக்கென்று ஒலி கிடையாது, குறியைச் சுமப்பது மட்டும்தான் வேலை. க்வென்யாவில் சொல்லின் முதலில் வரும் உயிருக்கும், இரண்டு உயிர் அடுத்தடுத்து வந்தால் இரண்டாவதுக்கும் இது தேவை. சிந்தரினில் சொல்லின் கடைசி உயிருக்குத் தேவைப்படும்.

குறில் நெடில் வித்தியாசம் உண்டா சார்? இணையத்தில் பலர் கண்டுகொள்வதே இல்லையே.

சார் இல்லை, அக்கா. வித்தியாசம் உண்டு, கண்டுகொள்ளத்தான் வேண்டும். நெடிலுக்கு நெட்டைத் தாங்கி: கோட்டுக்குக் கீழே இறங்கும் நீளத் தண்டு, அதன் மேல் அதே குறி. ஒ, உ சுழிகளை, சில சமயம் 'எ'வின் சாய்கோட்டையும், தாங்கி இல்லாமல் இரட்டிப்பாகப் போட்டும் நெடிலாக்கலாம்.

விடைபெறும்போது சொல்லும் 'நமாரியெ' என்ற க்வென்யாச் சொல்லை எழுதிப் பாருங்கள். ந-வின் மேல் மூன்று புள்ளி. ம மேலே எதுவுமில்லாமல், பக்கத்தில் நெட்டைத் தாங்கி, அதன் மேல் மூன்று புள்ளி. ர-வின் மேல் ஒற்றைப் புள்ளி. கடைசி 'எ'வுக்கு மெய் கிடைக்காததால் குட்டைத் தாங்கி, மேலே சாய்கோடு. 'மா'வில் வரும் தண்டைப் பார்த்தால் நம் துணைக்கால் ஞாபகம் வரும். உறவெல்லாம் ஒன்றும் இல்லை, தற்செயல்தான்.

குறி இல்லாத எழுத்தை 'க' என்று படிப்பதா 'க்' என்று படிப்பதா?

'க்'. தமிழில் வெறும் எழுத்துக்குள் அகரம் இருக்கும், புள்ளி வைத்தால் போய்விடும். இங்கே நேரெதிர்.

ஆனால் ஒரு சுவாரசியம். க்வென்யாவில் அகரம் மிக அதிகம் என்பதால் அதன் குறியை அடிக்கடி விட்டுவிடுவார்களாம். டோல்கீன் தரும் எடுத்துக்காட்டு 'கல்ம', அதாவது விளக்கு. க், ல், ம் மூன்றையும் வெறுமனே எழுதினாலே போதும். 'க்ல்' என்று க்வென்யாச் சொல் தொடங்காது, 'ம்' என்று முடியாது. 'கலம' என்று படிக்கலாம், ஆனால் அப்படியொரு சொல் அந்த மொழியில் இல்லை. மிச்சம் 'கல்ம'தான். புள்ளி வைக்காத ஓலைச்சுவடியை இடம் பார்த்துப் படித்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. எனக்குத் தெங்வாரில் மிகவும் பிடித்த இடம் இது. நீங்கள் மட்டும் புதிதாக எழுதும்போது குறியை விடாதீர்கள்.

ஒகரச் சுழி வலப்பக்கம் திறக்குமா, இடப்பக்கமா?

இரண்டும் உண்டு. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையின் மோதிரத்தில் பொறித்த வரியில் வலப்பக்கம் திறந்த சுழி 'உ'. அதே புத்தகத்தின் முகப்புப் பக்கத்தில் அதுவே 'ஒ', இடப்பக்கம் திறந்ததுதான் 'உ'. மோதிரத்தின் கறுப்பு மொழியில் 'ஒ' அரிது, அதனால் குழப்பம் வராது. நீங்கள் முகப்புப் பக்கத்து வழக்கத்தைப் பின்பற்றுங்கள்.

கதையில் வரும் மோரியா சுரங்கத்தின் வாசல் எழுத்தில் உயிர்க்குறியே இல்லையே?

அது பெலேரியாந்து முறை என்ற வேறொரு வழக்கம். அதில் உயிருக்கும் முழு எழுத்து உண்டு, தலைக்கு மேல் போடுவதில்லை. சில மெய்களின் மதிப்பும் மாறும்: மற்ற முறைகளில் ர-வுக்கு வரும் ஓரெழுத்து அங்கே ந. இரண்டு முறையையும் ஒரே சொல்லில் கலக்காதீர்கள்.

தெங்வார் எழுத்துரு இறக்கி என் பெயரை ஆங்கிலத்தில் தட்டினேன். அழகாக வந்தது. பச்சை குத்திக்கொள்ளலாமா?

வேண்டாம்! பழைய எழுத்துருக்கள் பலவற்றில் விசைகள் ஒலிப்படி இல்லை, அட்டவணை வரிசைப்படிதான் இருக்கும். ஆங்கில 'ஏ' விசையைத் தட்டினால் 'அ' வராது, சம்பந்தமில்லாத வேறு ஏதோ வரும். உங்கள் தோளில் இப்போது வரவிருப்பது வெறும் கிறுக்கல். முதலில் கையால் எழுதுங்கள்.

ஸ எழுத்தின் மேல் குறி வைக்க இடமே இல்லை.

தலைகீழாகத் திருப்புங்கள். திருப்பிய வடிவமும் அட்டவணையிலேயே இருக்கிறது, பெரும்பாலும் மேலே குறி வரும்போது அதைத்தான் பயன்படுத்துவார்கள்.

என் மகள் பெயர் நிலா. எப்படி எழுதுவது?

தமிழுக்கென்று டோல்கீன் முறை எதுவும் வகுக்கவில்லை, நாமே முடிவு செய்ய வேண்டியதுதான். உயிரில் முடியும் பெயர், ஆகவே க்வென்யா வழியே என் தேர்வு: ந-வின் மேல் ஒற்றைப் புள்ளி, அடுத்து வெறும் ல, பிறகு நெட்டைத் தாங்கியின் மேல் மூன்று புள்ளி. சிந்தரின் வழியில் அந்த ஒற்றைப் புள்ளி ல-வின் தலைக்குப் போய்விடும், மற்றதெல்லாம் அப்படியே. ழ, ள, ண வரும் பெயர்களுக்கு மெய்யிலேயே தகராறு இருக்கிறது. நல்லவேளை, நிலாவில் அது இல்லை.