ஒரே ரவுட்டர், இரண்டு வி.பி.என்: புதுப் பெட்டி வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: நானும் தங்கையும் ஹட்டனில் வீட்டிலிருந்தே கொழும்புக் கம்பனி ஒன்றுக்குக் கணக்கு வேலை செய்கிறோம். ஆளுக்கொரு லெப்டொப், ரவுட்டர் ஒன்றுதான். அவள் அலுவலக வி.பி.என்னுக்குள் (இணையம் வழியே அலுவலகத்துக்குப் போகும் பூட்டிய தனிப்பாதை) நுழைந்தால் என்னுடையது அறுந்துபோகிறது. நான் திரும்ப நுழைந்தால் அவளுடையது போய்விடுகிறது. 'வி.பி.என் பாஸ்த்ரூ' உள்ள ரவுட்டர் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்குக் காசை வெளியே எடுக்காதீர்கள்.

இருவரும் ஒரே யூசர்நேமிலா நுழைகிறீர்கள்? பல அலுவலகங்களில் ஒரு பெயருக்கு ஓர் ஆள்தான். இரண்டாமவர் வந்ததும் முதலாமவரை வெளியே தள்ளிவிடும். ஓபன்விபிஎன், வயர்கார்ட் என்ற வி.பி.என் வகைகள் இரண்டிலும் இதே கதை நடக்கும். உங்கள் லெப்டொப்பில் இருந்த வி.பி.என் கோப்பை (உள்ளே நுழைய அலுவலகம் தந்தது) அப்படியே தங்கையின் லெப்டொப்பில் கொப்பி பண்ணியிருந்தால், இரண்டையும் ஒரே ஆள் என்றுதான் கொழும்பு அலுவலகத்துச் சேர்வர் நினைக்கும். ஆளுக்கொரு கோப்பு கேட்டு வாங்குங்கள், செலவில்லாமல் தீரும்.

பெயரும் கோப்பும் வேறு வேறுதான் என்றால், தங்கையின் லெப்டொப்பை மட்டும் போன் ஹொட்ஸ்பொட்டில் போட்டுப் பாருங்கள். அப்போதும் ஒருவர் வர மற்றவர் போனால் கோளாறு கொழும்புச் சேர்வரில். இரண்டும் அறாமல் இருந்தால் சிக்கல், இருவரும் ஒரே வீட்டு ரவுட்டர் வழியாகப் போவதில். அதிலும் எனக்கு வரும் சந்தேகம், பழசாகிப்போனது ரவுட்டர் அல்ல, உங்கள் வி.பி.என் என்பதுதான்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது உடனே புரியும். லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடு) தனி விலாசம் இல்லாத இடத்தில் எல்லாருடைய கடிதமும் தோட்டத்து ஒபிசுக்குத்தான் வரும். உறையில் காம்பரா (அறை) இலக்கம் இருந்தால் உரியவர் கைக்குப் போகும். உங்கள் வீட்டுக்கும் வெளியே ஒரே விலாசம்தான். இணையத்தில் வரும் எந்தத் தரவுப் பொதி எந்த லெப்டொப்புக்கு என்பதை, காம்பரா இலக்கம் போலப் பொதியில் இருக்கும் போர்ட் இலக்கத்தைப் பார்த்துத்தான் ரவுட்டர் பிரிக்கிறது. பிபிடிபி என்ற பழைய வகை வி.பி.என், பேச்சைத் தொடங்க 1723ஆம் போர்ட்டைப் பயன்படுத்தும். ஆனால் தரவை அனுப்புவது ஜிஆர்இ என்ற உறையில். அந்த உறையில் போர்ட் இலக்கமே கிடையாது. ஒரே சேர்வரிலிருந்து இருவருக்கும் வந்தால் சாதாரண ரவுட்டர் திகைத்துவிடும்.

பாஸ்த்ரூ என்பது இதற்கு ஒரு ஒட்டுப்போடல். பல ரவுட்டர்களில் அது ஓர் ஆளை மட்டும் ஒழுங்காக விடும். நானும் ஒருமுறை பெட்டியில் வி.பி.என் என்று கொட்டை எழுத்தில் இருந்ததை நம்பி வாங்கி ஏமாந்தவன்தான். கடைக்காரர் திருப்பி எடுக்கவும் இல்லை.

விண்டோஸில் நெட்வேர்க் கனெக்ஷன்ஸ் பக்கத்தைத் திறந்து, வி.பி.என் படத்தின் கீழே 'வான் மினிபோர்ட்' என்பதோடு பிபிடிபி என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், இரண்டு பேர் வேலை செய்ய முடியவில்லை என்பதைவிடப் பெரிய பிரச்சினை இருக்கிறது: அதன் பூட்டை உடைக்கும் வழி 2012 முதலே வெளியே தெரியும். 2016இல் ஆப்பிள் தன் ஐபோன், மக் இரண்டிலிருந்தும் அதை எடுத்தேவிட்டது. கணக்குப் புத்தகங்களை அதன் வழியாக அனுப்புவது கம்பனிக்குத்தான் ஆபத்து. ஐடி பிரிவிடம் இதைச் சொல்லி, 443ஆம் போர்ட்டில் ஓடும் எஸ்எஸ்எல் என்ற வகை வி.பி.என்னோ வயர்கார்டோ கேளுங்கள். இவற்றுக்குப் போர்ட் இலக்கம் இருப்பதால், இருக்கிற ரவுட்டரே நாலைந்து லெப்டொப்பைத் தாங்கும்.

பிபிடிபிக்குப் பதில் எல்டூடிபி (இன்னொரு வி.பி.என் வகை) என்று இருந்தால் நிலைமை கொஞ்சம் மேல். 4500ஆம் போர்ட் வழியாக வரும். ஆனாலும் ஒரே வீட்டிலிருந்து வரும் இரண்டாமவரைச் சில சேர்வர்கள் குழப்பிக்கொள்ளும். அதையும் கொழும்பில்தான் திருத்த வேண்டும்.

ரவுட்டரே அலுவலகத்தோடு வி.பி.என் போடும் வகையும் கடையில் உண்டு. வேண்டாம். வீட்டு டிவியும் பிள்ளைகளின் போனும் அலுவலகத்துக்குள் போய் நிற்கக்கூடும், பல ஐடி பிரிவுகள் சம்மதிக்காது.

கம்பனி மாற்றித் தரும்வரை தங்கை ஹொட்ஸ்பொட்டிலேயே இருக்கட்டும். சில மொபைல் இணைப்புகளில் பிபிடிபி ஏறவே ஏறாது, அப்படியானால் நேரம் பிரித்து வேலை செய்யுங்கள். ஏறினால், டேட்டா பில்லைக் கம்பனிக்கே அனுப்பிவிடுங்கள்.