முழங்கை மடிப்பில் அரிப்பு: முட்டையை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 5 வயது. இரண்டு வருடமாக முழங்கை மடிப்பிலும் முட்டிக்குப் பின்னாலும் ஓயாத அரிப்பு. தோல் கறுத்துத் தடித்துவிட்டது. கரப்பான் பண்டம் என்று முட்டை, மீன், கத்தரிக்காய் எல்லாம் நிறுத்தியும் குறையவில்லை. மெடிக்கல் ஷாப்பில் தந்த டியூபைப் போட்டால் அடங்குகிறது. விட்டால் மறுபடி வருகிறது. மற்ற பிள்ளைகளுக்கு ஒட்டுமா?
(ஒரு தாய், தேவனாம்பட்டினம், கடலூர்)

பதில்: நீங்கள் சொல்லும் இடங்களையும் வயதையும் பார்த்தால் இது எக்ஸிமா, அதாவது தோல் வறண்டு ஓயாமல் அரிக்கும் நோய், போலத் தெரிகிறது. எக்ஸிமா ஒட்டாதம்மா. வீட்டில் மற்றவர்களுக்கும் ராத்திரியில் அரித்தால் மட்டும் சிரங்கா என்று பார்க்க வேண்டும். அது ஒட்டும்.

இந்தப் பிள்ளைகள் வந்தால் நான் முதலில் நகத்தைத்தான் பார்ப்பேன். பாலிஷ் போட்டதுபோல் மின்னும். ராத்திரியெல்லாம் தேய்த்துத் தேய்த்து வந்த மினுமினுப்பு அது. குழந்தை எத்தனை நாள் சரியாகத் தூங்கவில்லை என்று அதிலேயே தெரிந்துவிடும்.

ஈரத்தை உள்ளே பிடித்து வைப்பதும், வெளியே இருப்பதை உள்ளே விடாமல் தடுப்பதும் தோலின் மேலடுக்கு செய்கிற வேலை. இவர்களுக்கு அது பிறவியிலேயே பலவீனம். ஃபிலாக்ரின் என்ற புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் உள்ள குறை பலருக்கு இதற்குக் காரணம் என்று 2006-இல் தெரியவந்தது. குடும்பத்தில் யாருக்காவது ஆஸ்துமாவோ அடுக்குத் தும்மலோ இருக்கிறதா, யோசித்துப் பாருங்கள்.

அதனால் தட்டில் என்ன இருக்கிறது என்பதைவிடத் தோலில் என்ன படுகிறது என்பதைக் கவனியுங்கள். நுரை பொங்கும் சோப்பு, கொதிக்கக் கொதிக்க வெந்நீர், நலங்கு மாவு போட்டுத் தேய்ப்பது, சரியாக அலசாத துணியில் தங்கிய சோப்புத்தூள், நைலான் கலந்த யூனிஃபார்ம். எல்லாவற்றுக்கும் மேலே வியர்வை. நம் கடலோரத்துச் சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் மடிப்புகள் காய்வதே இல்லையே! கடற்கரையில் விளையாடட்டும், தடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் உப்பும் மணலும் போக நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

குளியல் வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடத்துக்குள் முடியட்டும். துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள், 3 நிமிடத்துக்குள், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரைத் தாராளமாகத் தடவுங்கள். அரிப்பு இல்லாத நாளிலும் இரண்டு வேளை. கைக்குழந்தைக்குப் பவுடர் போடுவதுபோல் துளித்துளியாகத் தொட்டு வைத்தால் போதாது. வாங்க வசதியில்லை என்றால் சுத்தமான தேங்காய் எண்ணெயும் உதவும்.

சாப்பாட்டுக்கு வருவோம். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் உதடு வீங்கியது, தடிப்பு, வாந்தி என்று முன்பு எதுவும் வந்ததில்லை என்றால் மீனும் கத்தரிக்காயும் கொடுங்கள், வளரும் பிள்ளை. முட்டையை மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். எக்ஸிமா உள்ள சில குழந்தைகளுக்கு, நீண்ட நாள் நிறுத்திவிட்டுத் திடீரென்று கொடுத்தால் அலர்ஜி வரக்கூடும்.

அந்த டியூப்தான் எனக்குக் கவலை. கடையில் கேட்டதும் எடுத்துத் தரும் பல களிம்புகளில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கும். மடிப்புத் தோலை அது மெலிய வைத்துவிடும். அதற்காக ஸ்டீராய்டே கூடாது என்றில்லை. குழந்தைக்கு ஏற்ற வீரியத்தில், சொன்ன நாள் வரை போட்டால் நல்ல மருந்து. கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் தோல் பிரிவுக்கோ போகும்போது அந்த டியூபையும் அட்டைப்பெட்டியோடு எடுத்துப் போங்கள்.

இடையில் காய்ச்சலோடு வலிக்கும் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பினால் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே காட்டிவிடுங்கள்.